பொருளியல் மாணவர் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியலமைப்புச் சட்டத்தின் சிற்பி என்றே நம்மவர் பெரிதும் அறிவர். ஊர்தோறும் நிற்கும் சிலையின் கையில் இருப்பதும் அந்நூலே. ஆயினும் நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் கற்றுப் பெற்ற எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி. என்னும் நான்கு பட்டங்களும் பொருளியல் ஆய்வுக்காகக் கிடைத்தவை என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. பொருளியல் என்றாலே வளைகோடுகளையும் அட்டவணைகளையும் எண்ணி அஞ்சும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கல்லூரி சென்றவரும் இரண்டாம் ஆண்டில் நுண்ணினப் பொருளியல் வந்ததும், இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சோர்ந்துவிடுகின்றனர். ஆகவே அண்ணலின் மாணவப் பருவத்தை மட்டும் இம்மலரில் எழுத முற்பட்டோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில் சுபேதார் இராம்ஜிக்கும் பீமாபாய்க்கும் பதினான்காம் மகவாகப் பிறந்தார். பள்ளியில் அவர் அமர்ந்த கோணிப்பையையும், அவருக்கு மறுக்கப்பட்ட தண்ணீரையும் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் மீண்டும் விரிக்க வேண்டுவதில்லை. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே அதே மன்னரின் உதவியால் அமெரிக்கா செல்லும் வாய்ப்பும் கிட்டியது. மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன்; படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசுக்குப் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை.

1913 ஜூலையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு அவர் எடுத்த பாடங்களின் கணக்கைப் பார்த்தால் வியப்பு மேலிடும். பொருளியலில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, இவையன்றிப் பிரெஞ்சும் ஜெர்மனும். வரி இயலில் பேரறிஞரான எட்வின் செலிக்மன் அவருக்குப் பேராசிரியர். பிற மாணவர் நாடகத்திற்கும் விருந்திற்கும் சென்ற மாலைகளில் இவர் நூலகத்தில் இருந்தார். கையில் இருந்த பணத்தில் ஒரு பகுதி பம்பாயிலிருந்த குடும்பத்திற்குச் செல்லும், மற்றொரு பகுதி பழைய புத்தகக் கடைக்குச் செல்லும், எஞ்சியதே உணவுக்கு. 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். சாதியின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை 1916 மே மாதம் மானிடவியல் கருத்தரங்கில் படித்ததும் இங்கேதான்.

அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். ஓராண்டு முடியுமுன் உதவித்தொகை நின்றது. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை வாங்கிக்கொண்டு 1917இல் தாயகம் திரும்பினார். அவருடைய பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் போரில் தாக்குண்டு மூழ்கியது. நிபந்தனைப்படி பரோடாவில் பணியேற்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தபோது தடியுடன் வந்தோர் அவரை வெளியேற்றினர். கடைநிலை ஊழியரும் கோப்புகளை அவர் கையில் கொடாது மேசைமேல் எறிந்தனர். பம்பாய்க்கே மீண்டார்.

அதன்பின் அவர் செய்ததைத்தான் நம் மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 1918இல் இந்தியப் பொருளியல் சங்கத்தின் இதழில், இந்தியாவின் சிறு நிலவுடைமைகளும் அவற்றிற்கான பரிகாரங்களும் என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கினால் உழவர் வறுமை தீரும் என்று அந்நாளில் அறிஞர் பலர் கருதினர். பரோடா அரசின் குழுவொன்றும் இதைப்பற்றி அறிக்கை அளித்திருந்தது. ஒரு குடும்பம் வசதியாக உண்டு வாழப் போதுமான நிலமே சிக்கன நிலவுடைமை என்பது கீட்டிங் என்னும் அதிகாரி தந்த இலக்கணம். அண்ணல் அதை மறுத்தார். உண்பவரின் தேவையைக் கொண்டு நிலத்தை அளப்பது தவறு. உற்பத்தியைக் கொண்டே அளக்க வேண்டும் என்றார்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவனுக்கு இரண்டு ஏக்கர் நிலமும், ஓர் இணை மாடும், கிணறும், எருவும் உள்ளன. மற்றொருவனுக்குப் பத்து ஏக்கர் உண்டு. ஏரும் இல்லை, மாடும் இல்லை. எவன் நிலம் இலாபகரமானது? நிலம், உழைப்பு, மூலதனம் என்னும் உற்பத்திக் காரணிகள் எவ்விகிதத்தில் சேர்கின்றன என்பதில் விடை இருக்கிறது. ஏக்கர் கணக்கில் இல்லை. கருவிகள் போதாதவனிடம் மேலும் நிலத்தைக் கொடுத்தால் கேடு கூடுமேயன்றிக் குறையாது. கல்லூரிப் பாடநூலில் மாறும் விகித விளைவு விதி என்று ஒரு பகுதி வருகிறதே, அதன் உட்பொருள் இதுதான். அண்ணல் அந்த விதியை இந்திய வயலில் இறக்கி வைத்தார்.

அடுத்து உழைப்பைப் பற்றிக் கேட்டார். நிலம் தாங்கக்கூடியதற்கு மேல் ஆட்கள் அதிலேயே முடங்கிக் கிடக்கின்றனர். அவர்களுள் சிலர் அகன்றாலும் விளைச்சல் குறையாது. உண்ணும் வாய் இருக்கிறது. கைக்கு வேலை இல்லை. இவர்களுக்குத் தொழில் துறையில் வேலை தந்தால் நிலத்தின் சுமை குறையும், மூலதனம் பெருகும், நிலவுடைமை தானே பெரிதாகும். எனவே வேளாண்மையின் நோய்க்கு மருந்து தொழில் வளர்ச்சியே என்று முடித்தார். 36 ஆண்டுகள் கழித்து, 1954இல், ஏறத்தாழ இக்கருத்தையே விரிவான கோட்பாடாக எழுதியவர் ஆர்தர் லூயிஸ். செயின்ட் லூசியாத் தீவில் பிறந்த கறுப்பின அறிஞர். 1979இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் லண்டன் பொருளியல் பள்ளி மாணவரே. ஒடுக்கப்பட்ட சமூகத்திலும், கரும்புத் தோட்டத் தீவிலும் பிறந்தோர் கண்ணுக்கு வேலையற்ற கை முதலில் தெரிந்ததில் நமக்கு வியப்பில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் ஊதியத்தில் பொருளியல் பேராசிரியரானார். தொடக்கத்தில் அவரைப் பொருட்படுத்தாத மாணவர் விரைவில் அவர் சொல்லுக்குக் காத்திருந்தனர். பிற கல்லூரியினரும் அனுமதி பெற்று வந்து கேட்டனர். ஆசிரியர் அறைப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்ததும் அதே கல்லூரியில்தான்.

ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். கொலம்பியாத் தோழர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் லண்டன். காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே செல்வார், மூடும்போது வெளியேறுவார். பகலுணவுக்குக் காசில்லை. இரவில் பசி பொறுக்காதபோது நண்பர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றார். 1921இல் எம்.எஸ்சி.; 1922இல் பாரிஸ்டர்.

அவ்வாண்டு அக்டோபரில் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்திற்கு அளித்தார். ஆங்கில அரசின் நாணயக் கொள்கையை அது கடுமையாகத் தாக்கியது. தேர்வாளர்கள் திருத்தி எழுதுமாறு பணித்தனர். கையில் பணம் தீர்ந்தமையால் 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். முடிவுகளை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வாண்டு இறுதியில் பட்டமும் கிடைத்தது, நூலும் வெளிவந்தது. சில இடங்களில் மாறுபட்ட கருத்துடைய பேராசிரியர் எட்வின் கேனனே அதற்கு முன்னுரை எழுதினார். ரூபாயின் மதிப்புக் குறைந்தால் ஏற்றுமதி பெருகி நாடே இலாபம் அடையும் என்ற வாதத்தை அண்ணல் அந்நூலில் உடைக்கிறார். விலை ஏறும்போது கூலி அதற்கு ஈடாக ஏறுவதில்லை. ஆகவே வணிகர் பெறும் இலாபம் உழைப்பாளியின் கூலியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அவர் கணக்கு. 1925 டிசம்பரில் நாணயம் பற்றிய அரச ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தபோதும் இக்கணக்கை அவர் விடவில்லை.

கொலம்பியா ஆய்வேடு 1925இல் நூலாகி, 1927இல் பிஎச்.டி. பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. அதே ஆண்டில் மகாத் குளத்துப் போராட்டம் நிகழ்ந்தது. பொருளியல் ஆய்வுக்கான காலம் சுருங்கியது. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். 1947இல் ரூபாய் நூலை மறுபதிப்பாக்கியபோது முதல் தொகுதி என்று அச்சிட்டு, 1923க்குப் பிந்தைய வரலாற்றை இரண்டாம் தொகுதியாக எழுத எண்ணியிருந்தார். அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். இரண்டாம் தொகுதி எழுதப்படவேயில்லை.