மலாயாவில் தமிழாய்வை வளர்த்த தனிநாயகம் அடிகளார்

கேமரன் மலையில் தேயிலை பயிராகத் தொடங்கிய காலந்தொட்டு நம்மவர்கள் இங்கே கொழுந்து பறித்தார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மலையிறங்கிப் படிக்கப் போகும் அந்தப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்த்துறை காத்திருக்கிறது. அதற்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர் பேராசிரியர் தனிநாயகம் அடிகளார்.

1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் கரம்பொன்னில் பிறந்தவர். உரோமாபுரியில் படித்துக் கத்தோலிக்கக் குருவானார். பல ஐரோப்பிய மொழிகள் கற்றவர், தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கியது முப்பது வயதை நெருங்கும்போதுதான். நம் பெரியவர்கள் பலரின் பூர்வீக மண்ணான திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபடியே ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து பட்டங்கள் பெற்றார். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கித் தமிழின் பெருமையைப் பிற நாட்டாருக்கு எடுத்துரைத்தார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். அவர் திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தோட்டத் தொழிலாளர்களும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள்.

அந்த ஏழைகளின் வெள்ளிக்கு மதிப்பு சேர்க்கும் பொறுப்பு 1961-இல் அடிகளாரிடம் வந்தது. துறைத் தலைவரான அவர், தம் துறையோடு நின்றுவிடவில்லை. 1964 ஜனவரியில் புதுடில்லியில் பல நாட்டு அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார். தலைவர் பதவியைப் பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசாவுக்கு விட்டுக்கொடுத்து, வேலை மிகுந்த செயலாளர் பொறுப்பைத் தாம் ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் தொடங்கி வைத்தார்.

அதே ஆண்டில் இன்னொரு பணியும் முடிந்தது. 1679-இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் கண்டிருந்தார். 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த அரிய நூலை ஒளிப்படப் பிரதியாக்கித் தம் துறையின் வெளியீடாகவே கொண்டுவந்தார். உரோமாபுரியில் பூட்டிக் கிடந்த நூல் இந்நாட்டு மாணவரின் கைக்கு வந்தது.

1969 வரை இங்கே பணியாற்றிய அடிகளார், 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் இலங்கையில் காலமானார். அவர் தலைமை தாங்கிய துறை இன்றும் இருக்கிறது.

கட்டடம் மட்டும் ஒரு பல்கலைக்கழகத்தை உயர்த்திவிடாது. பிறரை அணைத்துச் செல்லும் தலைவரும், புதிய கருவியைத் தக்க வேலைக்குப் பயன்படுத்தும் அறிவும், பின்னால் நிற்கும் மக்களும் வேண்டும். மதம் பார்க்காமல் தமிழர் அனைவரும் இந்தத் துறைக்குக் கடன்பட்டிருக்கிறோம். பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வெள்ளியின் கதையையும் சொல்லி அனுப்புவோம்.