வெட்டுக்காயத்தில் விடை தேடியவர்

வடக்கின் தோட்டங்களில் இழைய வளர்ப்பு வாழைக்குட்டிகள் இன்று புதினமல்ல. சிறு துண்டிலிருந்து முழுத் தாவரம் என்ற எண்ணத்துக்கு அத்திவாரமிட்டவர் கொட்லீப் ஹேபர்லாண்ட்.

1854இல், அன்றைய ஒஸ்திரியப் பேரரசின் ஹங்கேரிப் பகுதியில் பிறந்தார். கிராட்ஸிலும் பின்னர் பெர்லினிலும் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். ஒற்றைக் கலத்திலிருந்தே செடியொன்றை வளர்க்கலாம் என நம்பி, இலைக் கலங்களைப் பிரித்துப் போசணைக் கரைசலில் வைத்தார். அவை வாரக்கணக்கில் உயிரோடிருந்தன, பெருத்தன. ஒன்றுகூடப் பிரியவில்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1902இல் வெளியிட்டார்.

அடுத்து, வெட்டிய உருளைக்கிழங்கை ஆராய்ந்தார். உணவு கடத்தும் உரியம் ஒட்டியிருந்த துண்டுகளில் கலங்கள் பிரிந்தன, மற்றவற்றில் பிரியவில்லை. உரியத்திலிருந்து ஏதோவொரு பதார்த்தம் கசிகிறது என்று 1913இல் முடிவுசெய்தார். காயத்தில் நசுங்கிய கலங்களின் சாறும் அயல் கலங்களைப் பிரியத் தூண்டுவதாக 1921இல் எழுதினார்.

1945 ஜனவரியில், போர் நெருங்கிவந்த பெர்லினில், 90 வயதில் இறந்தார். அவர் தேடிய பதார்த்தம் அப்போதும் கையில் சிக்கியிருக்கவில்லை.

கலப்பிரிவைத் தூண்டும் கைனற்றினை 1955இல் அமெரிக்காவில் ஸ்கூக், மில்லர் குழுவினர் பிரித்தெடுத்தனர். கலம் பிரியுமுன் போதிய புரதங்களைத் தொகுக்க வேண்டும் என்பதும் பின்னர் தெளிவானது. சைக்கிளின் டி என்ற புரதம் சேரும்போதே பிரிவுக்கு வழி திறக்கிறது. கைனற்றின் வகை ஓமோன்கள் அதன் உற்பத்தியைக் கூட்டுகின்றன. ஹேபர்லாண்டின் கரைசலில் அந்த ஓமோன் இருக்கவில்லை.

நாம் நடும் வாழைக்குட்டிக்குப் பின்னால், கடைசிவரை பிரியாத அந்த இலைக் கலங்களும் இருக்கின்றன.