பால் பிக்ஸ்பி

பால் அடெல்பர்ட் பிக்ஸ்பி (டிசம்பர் 12, 1899 - ஜூன் 7, 1968) ஓர் அமெரிக்கக் கைவினைஞரும், கண்டுபிடிப்பாளரும், இசைக்கருவி வடிவமைப்பாளரும் ஆவார். கித்தாரின் சுருதியை இறக்கியும் ஏற்றியும் அசைக்க உதவும் பிக்ஸ்பி வைப்ரேட்டோ என்னும் உலோக உறுப்பு இவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. உட்குழிவு இல்லாத முழுமர மின்கித்தாரை முதலில் உருவாக்கியவர்களுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகின்றார். இவர் முழுமையாகச் செய்த கித்தார்கள் மிகச் சிலவே. பிறர் செய்த கித்தார்களில் பழைய உறுப்பைக் கழற்றிவிட்டுப் பொருத்தத்தக்க ஓர் உறுப்பே இவருக்கு நிலைத்த புகழைத் தந்தது.

தொழிற் பின்னணி

பிக்ஸ்பி இசைக்கருவி செய்வோர் மரபில் வந்தவர் அல்லர். உலோக வார்ப்புக்கான மர மாதிரிகளைச் செதுக்குவதே இவரது தொழில். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் இவர் கலந்துகொண்டார். 1930களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இயங்கிய குரோக்கர் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றி, எந்திரப் பாகங்களை வடிவமைப்பதில் பங்கு கொண்டார். வார்ப்பு, சுருள்வில், சுழலும் தண்டு ஆகியவற்றில் அங்கு பெற்ற பட்டறிவு பின்னாளில் இவரது கித்தார் உறுப்புகளில் வெளிப்பட்டது. பின்னர் கலிபோர்னியாவின் டவுனி நகரில் சிறு பட்டறை ஒன்றை அமைத்து, ஸ்டீல் கித்தார்களைச் செய்யத் தொடங்கினார். புகழ்பெற்ற ஸ்டீல் கித்தார் கலைஞரான ஸ்பீடி வெஸ்ட் 1948 இல் இவரிடமிருந்து மிதிகள் கொண்ட ஸ்டீல் கித்தார் ஒன்றைப் பெற்றார்.

மெர்ல் டிராவிசும் வைப்ரேட்டோவும்

நாட்டுப்புறப் பாணி இசைக் கலைஞரான மெர்ல் டிராவிசின் கிப்சன் எல்-10 கித்தாரில் டாக் காஃப்மன் என்பவர் வடிவமைத்த பழைய வகை வைப்ரேட்டோ இருந்தது. அதன் கைப்பிடியை அசைத்தபின் தந்திகள் முன்னைய சுருதிக்குத் திரும்பவில்லை. மேடையில் வாசிப்பவருக்கு இது பெருங்குறை. பாடலின் நடுவே நிறுத்திப் பிருடைகளை முறுக்க இயலாது. டிராவிஸ் அதைச் சீர்செய்து தருமாறு 1940களின் பிற்பகுதியில் பிக்ஸ்பியிடம் கேட்டார். பழையதைச் செப்பனிடுவதை விடுத்துப் புதியதொரு பொறியமைப்பையே பிக்ஸ்பி உருவாக்கினார். இதன் வடிவமைப்புக்கு 1953 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இயங்கும் முறை

பிக்ஸ்பி வைப்ரேட்டோ வார்த்தெடுத்த அலுமினியத்தால் ஆனது. தந்திகளின் முனைகள் ஓர் உருளைத் தண்டிலுள்ள சிறு முளைகளில் மாட்டப்படுகின்றன. இத்தண்டு இருபுறமும் உள்ள தாங்கிகளில் சுழலக்கூடியது. தண்டுடன் இணைந்த கைப்பிடியின் கீழே ஒரு சுருள்வில் உண்டு. தந்திகளின் இழுவிசையும் வில்லின் தள்ளுவிசையும் சமமாக இருக்கும்போது கைப்பிடி அசையாது நிற்கும். கைப்பிடியை அழுத்தினால் வில் சுருங்கித் தண்டு சுழல்கின்றது. தந்திகள் தளர்ந்து சுருதி இறங்குகின்றது. கையை எடுத்தவுடன் வில் தண்டினைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றது. சுருதி மாறும் எல்லை சிறியது. எனவே மென்மையான அசைவுகளுக்கே இது ஏற்றது.

இத்தகைய உறுப்பை டிரெமலோ என அழைப்பதும் வழக்கில் உள்ளது. டிரெமலோ என்பது ஒலியின் வலிமை ஏறி இறங்குவதைக் குறிக்கும் சொல் ஆகையால், சுருதி அசைவைக் குறிக்கும் வைப்ரேட்டோ என்பதே சரியான பெயராகும்.

உட்குழிவுக் கித்தார்களில் பொருத்துதல்

உட்குழிவான உடல் கொண்ட மின்கித்தாரின் மேற்பலகை மெல்லியது. ஒலிக்கும்போது அதுவும் சேர்ந்து அதிர்கின்றது. அதில் திருகாணிகளை இறக்குவது பலகையைப் பலவீனப்படுத்தக்கூடும். பிக்ஸ்பி வகைகளுள் பி3, பி6 ஆகியவை இத்தகைய கித்தார்களுக்கு உரியவை. பழைய தந்திப்பிடி இருந்த அடிப்பக்க விளிம்பிலேயே இவை பொருத்தப்படுவதால் மேற்பலகையில் துளையிட வேண்டியதில்லை. பி5, பி7 வகைகளில் தந்திகளைக் கீழ்நோக்கி அழுத்தும் கூடுதல் உருளை ஒன்று உண்டு. இவற்றுக்கு மேற்பலகையிலும் திருகாணிகள் தேவைப்படுகின்றன.

பல உட்குழிவுக் கித்தார்களில் குதிரை பலகையுடன் ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கின்றது. தந்திகளை ஒருசேரக் கழற்றினால் அது இடம்பெயரும். இடம் சிறிது மாறினாலும் மேற்கட்டைகளில் சுரங்கள் பிழைபடும். ஆகவே உறுப்பை மாற்றும் முன்னர் குதிரையின் இடம் குறித்துக்கொள்ளப்படுகின்றது. பழைய தந்திப்பிடியில் மின்தரைக்கம்பி இணைக்கப்பட்டிருந்தால் அதனைப் புதியதிலும் இணைக்க வேண்டும். தவறினால் ஒலிபெருக்கியில் இரைச்சல் எழும். தந்திகள் கழுத்தின் மேல்முனைப் பள்ளங்களிலோ குதிரையிலோ சிக்கினாலும் சுருதி திரும்பாது. இக்குறையைப் போக்கப் பள்ளங்களில் பென்சில் கரித்தூள் இடுவதும், உருளைகள் கொண்ட குதிரையைப் பொருத்துவதும் உண்டு.

முழுமரக் கித்தார்

டிராவிசின் வேண்டுகோளின்படி பிக்ஸ்பி 1948 இல் மெல்லிய உடல் கொண்ட மின்கித்தார் ஒன்றைச் செய்தார். அதன் ஆறு பிருடைகளும் தலைப்பகுதியின் ஒரே பக்கத்தில் அமைந்திருந்தன. இக்கருவி நாஷ்வில் நகரிலுள்ள நாட்டுப்புற இசைப் புகழ்மண்டபத்தின் சேகரிப்பில் இடம்பெற்றது. பின்னர் வெளிவந்த லியோ ஃபெண்டரின் கித்தார்களிலும் பிருடைகள் இவ்வாறே ஒரு பக்கமாக அமைந்தன. தன் கித்தாரைப் பார்த்தே அவை செய்யப்பட்டதாக டிராவிஸ் கூறினார். ஃபெண்டர் இதனை ஏற்கவில்லை. இவ்விவாதம் இருவரின் மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்தது.

பிற்காலமும் மறைவும்

பிக்ஸ்பி தம் கருவிகளைக் கையாலேயே செய்தார். சிறு பட்டறையால் கித்தார்களுக்கான தேவையை நிறைவு செய்ய இயலவில்லை. வைப்ரேட்டோ உறுப்பின் நிலையோ வேறு. கிரெட்ச், கிப்சன் முதலிய பெரும் நிறுவனங்கள் அதனை வாங்கித் தம் கித்தார்களில் பொருத்தி விற்றன. 1950களின் நடுப்பகுதியில் வெளிவந்த கிரெட்ச் 6120 என்னும் செட் அட்கின்ஸ் உட்குழிவுக் கித்தார் இவற்றுள் புகழ்பெற்றது. டுவேன் எடி 1958 இல் வெளியிட்ட இசைத்தட்டுகளில் இக்கித்தாரின் அசையும் சுருதியைக் கேட்கலாம்.

1960களின் நடுப்பகுதியில் பிக்ஸ்பி தம் நிறுவனத்தைக் கிப்சன் நிறுவனத்தின் தலைவராயிருந்த டெட் மெக்கார்ட்டிக்கு விற்றார். 1968 இல் காலமானார். நிறுவனத்தை 1999 இல் கிரெட்ச் நிறுவனமும், 2019 இல் ஃபெண்டர் நிறுவனமும் வாங்கின. தலைப்பகுதி வடிவம் குறித்து டிராவிஸ் யாரோடு முரண்பட்டாரோ, அவர் தொடங்கிய நிறுவனத்திடமே பிக்ஸ்பியின் பெயரும் சென்று சேர்ந்தது.