மல்லாட்டைக் காட்டுக்குள் ஒரு கணக்கு: யார் இந்த ஆர்.சி. போஸ்?

மண்டகப்பட்டு என்றதும் மகேந்திரவர்மனின் குடைவரைதான் ஞாபகம் வரும். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: மல்லாட்டை, அதாங்க நிலக்கடலை. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் அவை. ரகம் சொதப்பினால் நஷ்டம் விவசாயிக்கு மட்டுமில்லை. கடலை பிடுங்கவும் ஆயவும் போகிறவர்களின் கூலி நாட்களும் குறையும்.

சரி, ஏழு ரகங்களில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேட்டுப் பக்கம் மண் ஒரு மாதிரி, ஏரிப் பக்கம் வேற மாதிரி. ஒரே மாதிரி மண் உள்ள துண்டில் மூன்று பாத்திக்குத்தான் இடம் என்று வையுங்கள். ஏழு துண்டுகளில் ரகங்களை இப்படி விதைக்கலாம்: 1-2-4, 2-3-5, 3-4-6, 4-5-7, 5-6-1, 6-7-2, 7-1-3. ஒவ்வொரு ரகமும் மூன்று முறை வருகிறது. எந்த இரண்டை எடுத்தாலும், சரியாக ஒரே ஒரு துண்டில் நேருக்கு நேர் மோதுகின்றன. யாருக்கும் சலுகை இல்லை.

இந்தச் சின்ன அமைப்பு முன்பே தெரிந்ததுதான். எண்ணிக்கை பெரிதானால்தான் தலை சுற்றும். அதற்கு முறையான வழி காட்டியவர் ராஜ் சந்திர போஸ்.

1901-ல் பிறந்தார், ரோதக்கில் வளர்ந்தார். 1918 இன்ஃப்ளூயன்ஸா அம்மாவைக் கொண்டுபோனது; அடுத்த ஆண்டு அப்பாவும் இல்லை. கஷ்டப்பட்டுப் படித்து, கல்கத்தாவில் கல்லூரி ஆசிரியரானார். அவருக்குப் பிடித்தது வடிவியல், புள்ளியியல் தெரியாது. 1932-ல் மஹலனோபிஸ் அவரைத் தேடி வந்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பகுதிநேர வேலை கொடுத்தார். தெரியாத ஒருவருக்கு வேலை கொடுத்துவிட்டுப் பிறகு படிக்கச் சொல்வதெல்லாம் இன்றைக்கு நடக்குமா, சொல்லுங்க!

வயல் சோதனைகளின் தந்தை எனப்படும் ஃபிஷர் சில ஆண்டுகள் கழித்துக் கல்கத்தா வந்தார். அவர் கிளப்பிய கேள்விகளுக்குப் போஸ் தன் பழைய வடிவியலிலேயே பதில் தேடினார். சில புள்ளிகள் மட்டுமே உள்ள ஒரு குட்டி உலகம். அதில் புள்ளிகள் ரகங்கள், கோடுகள் நிலத்துண்டுகள். இரண்டு புள்ளிகள் வழியே ஒரே கோடுதான் போகும் இல்லையா? ரகங்களின் மோதலும் அப்படியே அமைந்துவிடும். 1939-ல் வெளியான அவரது கட்டுரை இத்துறையின் அடித்தளம்.

துறைத் தலைவர் ஆன பிறகும் அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. பல்கலைக்கழகம் கேட்டதால், வெளியான கட்டுரைகளையே கொடுத்து வாங்கினார். 1949-ல் அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் போனார்.

1782-ல் ஆய்லர் என்ற மேதை, சில வகைச் சதுர அமைப்புகள் சாத்தியமே இல்லை என்று கணித்திருந்தார். 177 ஆண்டுகள் கழித்து, போஸ், அவரது மாணவர் ஸ்ரீகண்டே, பார்க்கர் மூவரும் அது தவறு என்று நிரூபித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி!

1960-ல் ராய் சௌத்ரியுடன் சேர்ந்து, தகவலில் வரும் பிழையைத் தானே திருத்தும் குறிமுறை ஒன்றைக் கண்டார். பிரான்ஸின் ஒக்கங்கெம் தனியாகவே அதை முன்பே கண்டிருந்ததால், மூவர் பெயரின் முதலெழுத்துகளில் அது பி.சி.எச். ஆனது. 1987-ல் போஸ் காலமானார். டீக்கடையில் நீங்கள் ஸ்கேன் செய்யும் க்யூஆர் கோடில், மூலைக் கட்டங்களை ஒட்டி ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மீதியை எப்படிப் படிக்கணும் என்று போனுக்குச் சொல்வது அதுதான். ஸ்டிக்கர் கீறிப்போனாலும் அந்தப் பகுதியைக் காப்பது பி.சி.எச். குறிமுறை.