நாவலரும் உதவி நன்கொடையும்
ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூரிலே அவதரித்தார்கள். பேர்சிவல் பாதிரியாரின் ஆங்கில பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியருமாயினார்கள். கல்வியின்பொருட்டுச் சைவப்பிள்ளைகள் தஞ்சமயத்தை இழத்தல் கண்டிரங்கி, 1848-இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வுத்தியோகத்தையுந் துறந்தார்கள்.

அக்காலத்திலே யாழ்ப்பாணத்தில் வரியிறுத்தவருட் பெரும்பாலார் சைவர். அரசினர் நன்கொடை பெற்றனவோ பாதிரிமார் பாடசாலைகள். நாவலரவர்கள் அந்நன்கொடையை எதிர்பார்த்து வாளாவிருந்தாரல்லர். தாம் வேதனம் பெறாது கற்பித்தார்கள். தம் மாணாக்கரையே ஆசிரியராக்கினார்கள். அச்சியந்திரசாலை நிறுவிப் பாலபாடங்களை வெளியிட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் இங்ஙனங் கழிந்தபின், 1870-இலேயே அவ்வித்தியாசாலைக்கு அரசினர் நன்கொடை கிடைத்தது.

1872-இலே தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலையோ பொருண்முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அவர்கள் 1879-இலே சிவபதமடைந்தார்கள்.

இவ்விரு வித்தியாசாலைகளின் வரலாற்றால் நாம் அறிவது யாது? பொதுப்பணத்துக்குக் காத்திருப்பின் பாடசாலை தோன்றாது. பொருளுதவி முற்றும் இன்றேல் நிலையாது. 1945-இலே இலவசக் கல்வி வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசினரே ஏற்றனர். ஆசிரியர்காள், இன்று நாம் பெறும் வேதனம் ஊரார் அனைவருந் தந்த பொருள். வேதனமின்றிக் கற்பித்தாரை நினைந்து, எவர் பிள்ளையாயினும் வேற்றுமையின்றிக் கற்பிப்பதே அதற்கு நாம் செய்யுங் கைம்மாறு.