கண் மங்கிய ஓவியர் காட்டிய டைனோசர்கள்: யார் இந்த சார்ல்ஸ் நைட்?

நீண்ட கழுத்து, பீப்பாய் மாதிரி வயிறு, தரையில் இழுபடும் வால், சுற்றிலும் சேற்றுத் தண்ணீர். தாவரம் தின்னும் டைனோசர் ஒன்றைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள் என்றால், உங்கள் அப்பா அம்மா தலைமுறைக்கு இந்தப் படம்தான் முதலில் வரும். உங்களில் சிலருக்கும் வரலாம். ஆனால் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது எலும்பு மட்டும்தான். அந்தத் தோலையும் சதையையும் தண்ணீரையும் சேர்த்தவர் ஓர் ஓவியர். பெயர் சார்ல்ஸ் ஆர். நைட். சட்டப்படி பார்வையற்றவர் என்று சொல்லும் அளவுக்குக் கண் கெட்டுப்போனவர்.

அழிந்துபோன உயிரினங்களை, கிடைத்த எலும்பை வைத்து உயிரோடு இருப்பதுபோல வரைவதற்கு இன்று பேலியோஆர்ட் என்று பெயர். டுரியான் துங்காலில் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து டேப்லெட்டில் ட்ரைசெரடாப்ஸ் வரைகிறவராக நீங்கள் இருந்தால், உங்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ நைட் போட்ட பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அதனால் அவர் கதை உங்களுக்குத் தேவைப்படும்.

ஆறு வயதில் பட்ட கல்

நைட் பிறந்தது 1874 அக்டோபர் 21, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். பிறவியிலேயே கடுமையான பார்வைக் குறை இருந்தது. ஆறு வயதில், கூட விளையாடிய பையன் எறிந்த கல் வலது கண்ணில் பட்டது. அதன் பிறகு அந்தக் கண் சரியாகவே இல்லை.

அப்பா, பெரிய வங்கியாளர் ஜே.பி. மார்கனிடம் வேலை பார்த்தவர். இயற்கை மேல் ஆசை உள்ளவர். மகனை அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவார். பையன் விலங்குகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். 16 வயதில் கிடைத்த முதல் வேலை, தேவாலயங்களுக்கு அலங்காரம் செய்யும் நிறுவனத்தில். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் வருகிற விலங்குகளையும் செடிகளையும் வரைவது அவர் பொறுப்பு. 1892-ல் அப்பா இறந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தார். இப்போது சொன்னால், ஃப்ரீலான்ஸ்.

மீதி நேரமெல்லாம் மிருகக்காட்சி சாலை. அதுவும் போதாமல், அருங்காட்சியகத்தில் இறந்த விலங்குகளைப் பாடம் செய்யும் பிரிவுக்குப் போய், தோலுக்கு அடியில் தசை எப்படி ஓடுகிறது, எலும்பில் எங்கே ஒட்டுகிறது என்று கவனித்தார். அங்கேதான் 1894-ல் ஒரு விஞ்ஞானி அவரிடம் வந்து, பன்றி மாதிரியான ஓர் அழிந்துபோன விலங்கை வரைய முடியுமா என்று கேட்டார். கையில் இருந்தது எலும்பு மட்டும். பன்றியின் உடம்பு நைட்டுக்கு அத்துப்படி என்பதால் வரைந்தார். அந்த ஒரு படம்தான் கதவைத் திறந்தது. அருங்காட்சியகத்தின் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் அடுத்தடுத்து வேலை கொடுத்தார்.

எலும்பிலிருந்து தோலுக்கு

கண் இவ்வளவு மோசம் என்றால் எப்படி வரைந்தார்? பிரத்தியேகக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகம் துணியை உரசுமளவுக்குக் கிட்டத்தில் வைத்து வேலை செய்வார். ஆனால் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. வரைவதற்கு முன்னால், டைனோசரை களிமண்ணில் சின்னதாகச் செய்துகொள்வார். அதை வெயிலில் வைத்து, வயிற்றுக்குக் கீழே நிழல் எப்படி விழுகிறது, கழுத்தின் எந்தப் பக்கம் வெளிச்சம் படுகிறது என்று பார்ப்பார். அவருடைய விலங்குகள் எடை உள்ளவையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். தட்டையாக இருக்காது, நிஜமாகவே நிற்கும்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். பிளாஸ்டிசின் போதும், மலாக்கா வெயிலுக்குப் பஞ்சமில்லை. மிருகக்காட்சி சாலையும் தூரம் இல்லை, ஆயர் குரோவில் இருக்கிறது. அங்கே யானை முன்னால் அரை மணி நேரம் நின்று, எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எப்படி மாறுகிறது என்று வரையுங்கள். நீண்ட கழுத்து டைனோசர்களின் தூண் கால்களுக்கு, உயிரோடு இருப்பதில் நெருங்கிய பாடம் அதுதான். அதற்காக யானைப் பாதத்தை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். பிரான்டோசாரஸ் வகையறாவின் முன் பாதத்தில் பெரிய நகம் ஒன்றுதான், கட்டைவிரலில். பின் பாதத்தில் மூன்று. முன் பாதத்தில் ஐந்து நகம் போட்டால், தெரிந்தவர்கள் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள்.

செடி விஷயத்திலும் ஏமாறுவோம். பிரான்டோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அதன் காலடியில் புல் போடக் கூடாது, அப்போது புல்வெளியே கிடையாது. செம்பனை மரமும் கூடாது. ஆனால் அந்தச் செம்பனைத் தண்டில் ஒட்டி வளர்கிறதே பெரணி, அதைத் தாராளமாகப் போடலாம். (டுரியான் பழமும் அதற்குக் கிடைத்திருக்காது. ஊர்ப் பெயரில் இருக்கிற அந்த ஒற்றை டுரியான் மரம்கூட.) இந்தியாவில் டைனோசர் காலத்தின் கடைசியில் வாழ்ந்த நீண்ட கழுத்து விலங்குகள் மட்டும் விதிவிலக்கு. மகாராஷ்டிராவில் கிடைத்த, கல்லாகிப்போன சாணத்தில் புல்லின் தடயம் இருப்பது 2005-ல் வெளியானது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

1897 நைட்டின் பெரிய ஆண்டு. விஞ்ஞானி எட்வர்ட் டிரிங்கர் கோப், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், நைட்டோடு உட்கார்ந்து தான் பெயர் வைத்த விலங்குகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். அதே ஆண்டில் ஆஸ்பர்னுக்காக நைட் வரைந்ததுதான் புகழ்பெற்ற பிரான்டோசாரஸ் ஓவியம். விலங்கு ஏரிக்குள் நிற்கிறது, முதுகும் கழுத்தும் தலையும் மட்டும் வெளியே.

அவர் இஷ்டத்துக்குப் போட்ட தண்ணீர் இல்லை அது. இவ்வளவு கனமான உடம்பைத் தரையில் கால்கள் தாங்காது, தண்ணீர்தான் தாங்கியிருக்கும் என்று அப்போது பல விஞ்ஞானிகள் நம்பினார்கள். நைட் அதை அழகாக வரைந்தார், அழகாக இருந்ததால் எல்லாரும் நம்பினார்கள். பிரச்சினையே அங்கேதான். விஞ்ஞானியின் கட்டுரையை எத்தனை பேர் படிப்பார்கள்? படத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். 1951-ல் கே.ஏ. கெர்மாக் என்ற ஆய்வாளர் எளிமையான ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: உடம்பு அவ்வளவு ஆழத்தில் இருந்தால், நீரின் அழுத்தம் நெஞ்சை நெருக்கி மூச்சே விட முடியாது. 1970-களில் இவை தரை விலங்குகள்தான் என்ற வாதம் வலுத்தது. வாலும் தரையை விட்டு எழுந்தது. ஆனாலும் பழைய சேற்று டைனோசர் பொம்மைகளிலும் பாடப் படங்களிலும் ரொம்ப நாள் உயிரோடு இருந்தது.

நைட்டுக்கு ஒரு நியாயம் சொல்லத்தான் வேண்டும். அதே 1897 ஓவியத்தின் பின்னணியைப் பாருங்கள். கரையில், காய்ந்த தரையில், டிப்ளோடோகஸ் ஒன்று நிற்கிறது. இரண்டு சாத்தியத்தையும் ஒரே படத்தில் வைத்திருக்கிறார். நம் கண் முன்னால் இருந்த பெரியதை மட்டும் பிடித்துக்கொண்டது.

சம்பளம் வேண்டாம் என்றவர்

அருங்காட்சியகத்தில் நிரந்தர ஊழியராக அவர் சேரவே இல்லை. யாருக்கும் கீழே வேலை செய்யப் பிடிக்காது. தன் படத்தில் அடுத்தவர் கை வைப்பதும் பிடிக்காது. அதற்கு விலை கொடுத்தார். பணக் கணக்கு அவருக்கு வரவே வராது. மனைவி ஆன்னியும் பிறகு மகள் லூசியும்தான் சமாளித்தார்கள். லூசி சின்ன வயதிலேயே அப்பாவின் கணக்கு வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

1926 முதல் சில ஆண்டுகள் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காக 28 சுவர் ஓவியங்களைச் செய்தார். அதில் ஒன்றில், டைரனோசாரஸை நேருக்கு நேர் எதிர்த்து நிற்கிறது ஒரு ட்ரைசெரடாப்ஸ். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற எந்த டைனோசர் படத்திலும், கார்ட்டூனிலும் இந்த இரண்டும் மோதினால், அதன் வேர் பெரும்பாலும் இங்கேதான். எனக்குப் பிடித்தது, தாவர உண்ணியை அவர் பாவப்பட்ட இரையாகக் காட்டவில்லை என்பது. கொம்பு குறி பார்க்கிறது. 1933-ல் வந்த கிங் காங் படத்தின் விலங்குகளிலும் அவருடைய சாயல் உண்டு.

கடைசி ஆண்டுகளில் பார்வை இன்னும் குறைந்தது. அப்படியும் 1947-ல் விலங்கு உடற்கூறு பற்றி ஓவியர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். 1953 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 78. சிகாகோவில் அந்த ஓவியங்கள் இப்போதும் இருக்கின்றன, தப்புகளோடு சேர்த்து.

அடுத்து எதை வரையலாம் என்று யோசிக்கிறீர்களா? மலேசியாவில் முதல் டைனோசர் புதைபடிவம் கிடைத்ததாக மலாயாப் பல்கலைக்கழகம் அறிவித்தது 2014-ல், பகாங்கில். அது மீன் தின்னும் வகையின் பல். அதே ஆண்டில் ஒரு தாவர உண்ணியின் பல்லும் அறிவிக்கப்பட்டது. ஒரு பல்லை வைத்து முழு உடம்பு வரைவது நைட்டுக்கே கஷ்டம்தான்.

இன்னொன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. திருச்சி, அரியலூர் பக்கத்துப் பாறைகளில் கிடைத்த எலும்புகளுக்கு 1979-ல் திராவிடோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் குடும்பத்துத் தாவர உண்ணி என்றார்கள். 1990-களில் வேறு ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, இது டைனோசரே இல்லை, துடுப்புக் கால் கொண்ட கடல் ஊர்வன என்றார்கள். 2017-ல் மறுபடியும் ஸ்டெகோசாரஸ்தான் என்று ஓர் ஆய்வு வந்தது. நான்கு காலும் முதுகுத் தகடும் போட்டுக் கரையில் நிறுத்துவதா, துடுப்பு வைத்துக் கடலில் விடுவதா? பென்சிலை எடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு பக்கம் முடிவு செய்தாக வேண்டும். இல்லை என்றால் நைட் மாதிரி, ஒன்றை முன்னால், இன்னொன்றைப் பின்னால்.