சொந்த சபையினரையே விலக்கிய பேராயர்... யார் இந்த ஜோசப் ரம்மல்?

ஒரே மதம், ஒரே ஜெபம். ஆனா பிள்ளைகள் படிக்க மட்டும் தனித்தனிப் பள்ளி! 1950-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கத்தோலிக்கப் பள்ளிகள் இப்படித்தான் இருந்தன. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு வேறொன்று.

இதை மாற்றியவர் பேராயர் ஜோசப் ரம்மல். 1876-ல் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். 1935-ல் நியூ ஆர்லியன்ஸ் பேராயரானார்.

எதிர்த்தது யார்?

இனப் பிரிவினை பாவம்னு 1956-ல் எல்லா ஆலயங்களுக்கும் மடல் அனுப்பினார் ரம்மல். எதிர்த்தவர்கள் வெளியாட்கள் இல்லை. ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிற வெள்ளையின கத்தோலிக்கர்கள்தான். பள்ளிகளுக்கான அரசு உதவி நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. விஷயம் தள்ளிப்போனது. 1960-ல் நகரின் அரசுப் பள்ளிகளே முந்திக்கொண்டன.

85 வயதில் எடுத்த முடிவு

1962 மார்ச்சில், எல்லா கத்தோலிக்கப் பள்ளிகளும் இனம் பார்க்காமல் மாணவர்களைச் சேர்க்கணும்னு அறிவித்தார் ரம்மல். அப்போது வயது 85, பார்வையும் மங்கியிருந்தது. எதிர்ப்பைத் தூண்டியவர்களுக்கு முதலில் எச்சரிக்கைக் கடிதம் போனது. கேட்காத 3 பேரை ஏப்ரல் 16-ல் சபை நீக்கம் செய்தார். அதாவது, நற்கருணை உட்பட எந்த அருட்சாதனமும் அவர்களுக்குக் கிடையாது. அதில் ஒருவர் செல்வாக்குமிக்க அரசியல்வாதி லியாண்டர் பெரெஸ்.

செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. சில இடங்களில் வெள்ளையினப் பெற்றோர் புறக்கணித்தும், ரம்மல் பின்வாங்கவில்லை. 1964-ல், 88 வயதில் காலமானார்.

ஆனா ஒரு கணக்கு மிச்சம் இருக்கு. மடல் வந்த 1956-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த கறுப்பினக் குழந்தை, கதவு திறந்தபோது ஏழாம் வகுப்புக்குப் போயிருந்தது.